ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

அஹமதி, தெற்கு வரிசை.
பன்னிரண்டு வீடுகள், ஒரே கூரைக்கோடு,
பன்னிரண்டு புகைபோக்கிகள்.
இந்த வெயிலில் எவனுக்கு வேண்டும் புகைபோக்கி என்று
முதல் நாள் சிரித்தோம்.
ஜனவரி விடியலில் நாடாவைப் பிடிக்க
விரல் மடங்காதபோது
சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டோம்.

அளப்பது என் வேலை.
நாடாவின் மறுமுனை மொஷாரஃப்.
லேசர் கருவியும் தந்திருக்கிறார்கள்.
உப்புப் பூத்த சுவரில் பட்டால் அது
தடவைக்கு ஒரு நீளம் சொல்கிறது.
அதனால் நாடா.

செங்கல் என்கிறோம், இது சிவப்பில்லை.
ஊறிய கடலைப்பருப்பின் நிறம்.
படகில் வந்த கல் என்கிறது கோப்பு,
எந்த ஆற்று மண் என்று சொல்லவில்லை.
ஒரு கல்லில் நாயின் காலடி,
ஈரத்தில் மிதித்துப் போயிருக்கிறது.
நாயையும் படத்தில் குறித்தேன்.
ஒரு வரிசை நெடுக்கு, ஒரு வரிசை குறுக்கு,
ஜன்னல் தலையில் மட்டும் கற்கள்
எழுந்து நின்று தோள் சாய்த்துக்கொள்கின்றன.

வீட்டுக்கு வீடு பொதுச்சுவர்.
இவர் அலமாரிக்கு முதுகு கொடுப்பதுதான்
அவர் கட்டிலுக்கும்.
பதினொன்றில் பத்து, ஒன்பது இஞ்ச்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
பூச்சு உதிர்ந்த இடத்தில் கட்டு மாறுகிறது.
எல்லாம் நெடுக்குக் கல்.
குறுக்கே கோக்க ஒன்றுகூட இல்லை.
அகலம் இரண்டடி எட்டு, உயரம் ஆறடி ஆறு,
கனம் நாலரை.
மொஷாரஃப் நாடாவைச் சுருட்டாமல் சொன்னான்:
"பாய், இது சுவர் இல்லை. கதவு."

எந்தப் பக்கம் நின்று அடைத்தார்கள் என்பதைச்
சாந்து சொல்லிவிடும்.
ஐந்தாம் வீட்டில் இணைப்புகள்
கரண்டி முனையால் வழித்து, நகம் வெட்டியதுபோல்.
ஆறாம் வீட்டில் சாந்து பிதுங்கி
அப்படியே இறுகியிருக்கிறது.
ஆறில் இருந்தவர்
வரிசை ஏற ஏற வெளிச்சம் குறைவதைப் பார்த்திருப்பார்,
அல்லது அன்றைக்கு ஷிஃப்டில் இருந்திருப்பார்.

குடியிருப்புப் பதிவு:
5, லூர்து பர்னாந்து, ஃபிட்டர்.
6, குலாம் சர்வர், கிரேன்.
தலைக்கு நான்கு பல்பு, ஒரு மின்விசிறி.
கதவைத் திறந்ததற்கும் அனுமதி கேட்கவில்லை,
மூடியதற்கும் கேட்கவில்லை.

கீழிருந்து பதினெட்டாம் வரிசை,
நெஞ்சு உயரத்தில் ஒரு கல் ஆடியது.
இழுத்தால் வந்துவிட்டது.
நான்கு பக்கமும் சாந்து தொட்ட தடமே இல்லை,
கீழ்விளிம்பு மட்டும்
இழுத்து இழுத்து மழுங்கியிருந்தது.
தீப்பெட்டி நுழையும். கடிதம் நுழையும்.
காலி டம்ளர் நுழையும், படுக்கவைத்தால்.

மொஷாரஃப் ஆறாம் வீட்டுக்குப் போய் நின்றான்.
அவன் வாய் மட்டும் தெரிந்தது.
பென்சிலை அங்கே விட்டுவிட்டேன் என்றேன்.
துளை வழியே நீட்டினான்.

பொறியாளர் தலால் ஃபோனில் கேட்டார்:
"பாரம் தாங்குகிறதா?"
இல்லை.
"அப்படியென்றால் இடித்துவிடலாம்.
பார்க்க வருபவர்கள் நடந்து போக வழியாகும்."
மூலப்படத்தில் அங்கே கதவு கிடையாது என்றேன்.
முதலில் சுவர், அப்புறம் கதவு, அப்புறம் இது.
படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
அசல், மாற்றம், சேதம்.
நாளைக்குள் ஒன்றில் டிக் போடச் சொன்னார்.

ராத்திரி மஹ்பூலாவில் என் அறை.
எனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவே
பன்னிரண்டு மில்லிமீட்டர் ப்ளைவுட்.
அவர் பெயர் தெரியாது.
அலாரம் நாலு பத்துக்கு என்று தெரியும்,
இரண்டாவது மணியில்தான் எழுவார் என்றும்.
படுக்கையில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தேன்.
கட்டங்களை விட்டுவிட்டுக்
குறிப்புக்கான வெற்றிடத்தில் எழுதினேன்:

வரிசை 18, நடுக்கல் ஒன்று.
சாந்து இல்லை.
வைக்கவும் வேண்டாம்.